கண் துடிப்பு: எதை விட்டுவிடலாம், எதைக் கவனிக்க வேண்டும்

தணிக்கை அலுவலகங்களில் வேலை பார்ப்பவர்களுக்கு ஜூலையும் செப்டம்பரும் கண் துடிக்கும் மாதங்கள். தனிநபர் வருமான வரிக் கணக்குக்கு வழக்கமான கடைசி நாள் ஜூலை 31. வரித் தணிக்கை அறிக்கைக்குச் செப்டம்பர் 30. இந்தத் தேதிகள் நெருங்கும் வாரங்களில் எங்கள் கோயம்புத்தூர் அலுவலகத்தில் யாராவது ஒருவர் வேலையை நிறுத்திவிட்டு, கீழிமையை ஒரு விரலால் அழுத்திப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பார். "நாலு நாளா இடது கண்ணு துடிச்சுக்கிட்டே இருக்குது" என்று சொல்பவர் பெண்ணாக இருந்தால், நல்ல சேதி வரப்போகிறது என்பார்கள். ஆணாக இருந்தால் யாரும் பதில் சொல்லாமல் பேச்சை மாற்றிவிடுவார்கள். எப்படியானாலும் கணக்குகள் தாக்கலான சில நாட்களில் துடிப்பு தானாக நின்றுவிடும்.

அப்படி நிற்காத துடிப்பு ஒன்றை என் அத்தையின் முகத்தில் பல ஆண்டுகள் பார்த்திருக்கிறேன். இதை எழுத வைத்ததும் அதுதான். கண் துடிப்பின் காரணங்களில் மிகப் பெரும்பாலானவை நம் அன்றாட வாழ்க்கைக்குள்ளேயே இருக்கின்றன. அவற்றை நினைத்து அஞ்ச வேண்டியதே இல்லை. ஆனால், அதே இடத்தில் அதே மாதிரித் தொடங்கும் வேறு சில கோளாறுகளும் உண்டு. அவற்றுக்கு நல்ல மருத்துவமும் இருக்கிறது. இவற்றைப் பிரித்தறிய முதலில் வேண்டியது ஸ்கேனோ இரத்தப் பரிசோதனையோ இல்லை. துடிப்பு எங்கே தொடங்குகிறது, எதுவரை பரவுகிறது, எப்போது வருகிறது என்று உற்றுப் பார்க்கும் பொறுமை இருந்தால் போதும்.

கண்ணைச் சுற்றி வளையம் போட்டாற்போல மெல்லிய தசை ஒன்று இருக்கிறது. நாம் அறியாமலே இமைப்பதும், தூசி விழுந்தால் கண்ணை இறுக மூடிக்கொள்வதும் அதன் வேலை. முகத் தசைகளை இயக்கும் ஏழாவது மூளை நரம்பின் கிளைகளே இதையும் இயக்குகின்றன. சாதாரணக் கண் துடிப்பில் இந்தத் தசையின் ஒரு சிறு பகுதி மட்டும், நாம் எண்ணாமலே, விட்டுவிட்டுச் சுருங்குகிறது. மருத்துவர்கள் இதை மயோகைமியா என்று குறிப்பிடுவார்கள். பெரும்பாலும் ஒரு கண்ணில்தான் வரும், அதிலும் கீழிமையில்தான் அதிகம். இமையின் தோல் நம் உடலிலேயே மிக மெல்லியது. அதற்கடியில் கொழுப்பு இல்லையென்றே சொல்லலாம். தொடையிலோ தோளிலோ வந்தால் நாம் கவனிக்கக்கூட மாட்டாத அளவு சிறிய அசைவு, இமையில் வரும்போது பெரிதாகத் தெரிவது இதனால்தான்.

வெளிச்சம் நன்றாக விழும் இடத்தில் கண்ணாடிக்கு நெருக்கமாக நின்று பார்த்தால் இது புரியும். கீழ் இமைமயிர்களுக்குச் சற்றுக் கீழே, தோலுக்குள் எறும்பு ஊர்வது போல ஒரு மெல்லிய அலை ஓடும். சில நொடிகளில் அடங்கும். மறந்திருக்கும் வேளையில் மீண்டும் ஓடும். இமை மூடிக்கொள்ளாது, பார்வை மறைக்காது, வலியும் இருக்காது. எதிரில் இருப்பவரிடம் "தெரியுதா?" என்று கேட்டால் அநேகமாக "இல்லையே" என்றுதான் சொல்வார். ஊரே தன் கண்ணைப் பார்ப்பதாகக் கூசிக்கொண்டிருப்பவருக்கு இது பெரிய ஆறுதல். பிறர் கண்ணில் படாத அளவுக்குச் சிறிதாக இருப்பது இந்தச் சாதாரண வகையின் முக்கியமான அடையாளமும்கூட.

இதைத் தூண்டுபவற்றில் முதலில் சொல்ல வேண்டியது தூக்கக் குறைவு. இரவு ஒரு மணிக்குப் படுத்து ஆறு மணிக்கு எழுவதை ஒரு வாரம் தொடர்ந்து செய்தால், உடலின் வேறெந்தப் பகுதியும் முறையிடுவதற்கு முன்பே பலருக்குக் கீழிமை முறையிடத் தொடங்கிவிடுகிறது. தூக்கம் குறையும்போது நரம்புகளும் தசைகளும் எளிதில் தூண்டப்படும் நிலைக்கு வருகின்றன என்பதுதான் பொதுவாகத் தரப்படும் விளக்கம். துல்லியமாக எந்த இடத்தில் அந்தத் தூண்டல் பிறக்கிறது என்பதில் மருத்துவ உலகம் இன்னும் முடிவுக்கு வரவில்லை. நடைமுறையில் பார்த்தால், இரண்டு மூன்று நாட்கள் வயிறார உண்டு கண்ணாரத் தூங்கி எழுந்தவர்களுக்குத் துடிப்பு குறைந்துவிடுவதை எங்கள் அலுவலகத்திலேயே ஆண்டுதோறும் பார்க்கிறேன்.

தூக்கத்தைப் பற்றிப் பேசினால் காபியைப் பற்றியும் பேசியாக வேண்டும். நம் வீடுகளில் காபியைக் குறை சொன்னால் யாருக்கும் பிடிக்காது, எனக்கும் பிடிக்காது. ஆனாலும் அது உடலில் என்ன செய்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு குடிப்பது நல்லது. நாம் விழித்திருக்கும் நேரம் முழுவதும் அடினோசின் என்ற பொருள் மூளையில் சேர்ந்துகொண்டே வருகிறது. அது தனக்கென உள்ள ஏற்பிகளில் போய் அமரும்போது சோர்வும் உறக்கமும் வருகின்றன. காபியில் உள்ள கஃபீன் அந்த ஏற்பிகளை முந்திக்கொண்டு பிடித்துக்கொள்கிறது. களைப்பு அப்படியே இருக்க, களைத்திருக்கிறோம் என்ற செய்தி மட்டும் நமக்கு வந்து சேராமல் போகிறது. உள்ளே போன கஃபீனில் பாதி வெளியேறவே சராசரியாக 5 மணி நேரம் ஆகும் என்பதால், மாலை 6 மணிக்குக் குடித்த காபியில் பாதி இரவு 11 மணிக்கும் உடலுக்குள் வேலை செய்துகொண்டிருக்கும். தூக்கம் கெடுகிறது, மறுநாள் களைப்பைப் போக்க இன்னொரு டம்ளர் கூடுகிறது. இமை துடிப்பவர்களில் பலர் இந்தச் சுழலுக்குள்தான் இருக்கிறார்கள்.

எவ்வளவு குடிக்கலாம் என்று கேட்பவர்களுக்கு ஓர் அளவு சொல்லலாம். உடல்நலமுள்ள வயதுவந்தோருக்கு ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம் கஃபீன் வரை பாதுகாப்பானது என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல் வரையறுத்தது. கருவுற்ற பெண்களுக்கு 200. ஆனால், இந்த எல்லைக்குள் குடித்தாலும் இமை துடிப்பவர்கள் உண்டு, ஏனென்றால் கஃபீனைத் தாங்கும் திறன் ஆளுக்கு ஆள் மாறுகிறது. ஃபில்டர் காபி குடிப்பவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். டிகாஷன் கறுப்பாகவும் கெட்டியாகவும் இறங்குவதை வைத்துக் கஃபீனின் அளவைக் கணிக்க முடியாது. சிக்கரி கலந்த தூளில் அந்தக் கறுப்பும் கெட்டித்தன்மையும் சிக்கரியிலிருந்தும் வருகின்றன, சிக்கரியிலோ கஃபீன் கிடையாது. மாறாக, சிக்கரி கலக்காத தூளில் வெளிறி இறங்கும் டிகாஷனில் கஃபீன் கூடுதலாக இருக்கலாம். டீயிலும் கோலா பானங்களிலும் கிரீன் டீயிலும்கூடக் கஃபீன் உண்டு என்பதால், காபியை நிறுத்திவிட்டு டீக்கு மாறியும் கண் துடிக்கிறதே என்று வியப்பதில் பொருளில்லை. ஒரேயடியாக நிறுத்துவதும் வேண்டாம். நிறுத்திய ஓரிரு நாட்களுக்குள் பலருக்குக் கடுமையான தலைவலி வரும். மாலைக் காபியை முதலில் விட்டு, மற்றவற்றைச் சிறிது சிறிதாகக் குறைப்பதே தாங்கக்கூடிய வழி.

அடுத்தது கண்ணின் உழைப்பு. பேசிக்கொண்டிருக்கும்போது நிமிடத்துக்குப் பதினைந்து முறையாவது இமைக்கும் நாம், திரையில் எண்களைச் சரிபார்க்கும்போது அதில் பாதிகூட இமைப்பதில்லை. இமைக்கும்போதும் இமைகள் முழுதாக ஒட்டுவதில்லை. ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் கண்ணீர் கண்ணின் மேல் புதிதாகப் பூசப்படுகிறது. இமை ஓரத்துச் சுரப்பிகளிலிருந்து கசியும் எண்ணெய் அதன் மேல் படர்ந்து, கண்ணீர் ஆவியாகாமல் காக்கிறது. இமைப்பது குறைந்தால் இந்தப் பூச்சு இடையிடையே அறுந்து கண் உலர்கிறது. ஏசியின் காற்று நேராக முகத்தில் படும் இருக்கை என்றால் இன்னும் விரைவில் உலரும். உலர்ந்த கண் உறுத்துகிறது, உறுத்தலை ஆற்ற இமைத் தசை அடிக்கடி இறுகுகிறது, அந்த இறுக்கமே துடிப்பாகத் தொடர்கிறது. இமை ஓரத்தில் பொடுகு போலச் செதில் படிந்து அழற்சி இருந்தாலும், ஒவ்வாமையால் கண் அரித்துத் தேய்த்துக்கொண்டே இருந்தாலும் இதே விளைவுதான்.

நாற்பதைக் கடந்தவர்களுக்கு வெள்ளெழுத்தும் சேர்ந்துகொள்ளும். கண்ணாடி போட்டால் வயது தெரிந்துவிடும் என்று தள்ளிப்போட்டு, கைபேசியைத் தூரத்தில் நீட்டிப் பிடித்து, கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் படிப்பவர்களை எல்லா அலுவலகங்களிலும் பார்க்கலாம். கண்ணைச் சுருக்கும் வேலையைச் செய்வதும் அதே வளையத் தசைதான் என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. பழைய பவரிலேயே கண்ணாடியை மாற்றாமல் ஓட்டிக்கொண்டிருப்பவர்களும் இதில் அடக்கம். கண் துடிப்புக்கு மருந்து கேட்டுப் போனவர் சரியான பவரில் ஒரு கண்ணாடியோடு திரும்பி வந்து குணமடைவது அரிதான செய்தி இல்லை.

இதற்கெல்லாம் செய்ய வேண்டியவை எளியவை. 20 நிமிடத்துக்கு ஒரு முறை 20 அடி தூரத்தில் உள்ள ஏதாவது ஒன்றை 20 நொடிகள் பார்ப்பது, அப்போது நாலைந்து முறை முழுதாக இமைப்பது, ஏசிக் காற்று முகத்தில் படாமல் இருக்கையைத் திருப்பிக்கொள்வது, இளஞ்சூடான நீரில் நனைத்துப் பிழிந்த சுத்தமான துணியை மூடிய இமைகளின் மேல் சில நிமிடங்கள் வைப்பது. வெதுவெதுப்பு, இமைச் சுரப்பிகளில் உறைந்திருக்கும் எண்ணெயை இளக்கிவிடும். உலர்வு அதிகமானால் கண்ணீருக்கு ஈடான சொட்டு மருந்துகள் இருக்கின்றன. ஆனால் மருந்துக் கடையில் வாய்மொழியாகக் கேட்டு, ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தை வாங்கிப் போட்டுக்கொள்ளும் வழக்கத்தை நான் அழுத்தமாக எதிர்க்கிறேன். அது சிவப்பையும் உறுத்தலையும் உடனே அடக்கிவிடுவதால் நல்ல மருந்து என்று தோன்றும். மருத்துவர் கண்காணிப்பில்லாமல் நீண்ட நாள் போட்டால் கண்ணின் நீரழுத்தம் கூடலாம், கண்புரையும் வரலாம். தானாக நிற்கவிருந்த துடிப்புக்காகப் பார்வையைப் பணயம் வைப்பது எந்த வகையிலும் தகாது.

மன அழுத்தத்தைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் யாரையாவது ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கும்போதும், மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கும் மாதங்களிலும், கடன் தவணை தவறும்போதும் இமை துடிப்பதை அனுபவித்தவர்களுக்கே தெரியும். மதுவும் புகையும் கடுமையான உடலுழைப்பும்கூட இந்தப் பட்டியலில் உண்டு.

மக்னீசியத்தைப் பற்றி மட்டும் சற்று விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கண் துடிக்கிறது என்று சொன்னவுடன் வாழைப்பழம் சாப்பிடு, மக்னீசியம் மாத்திரை போடு என்ற யோசனை இப்போது எல்லா வாட்ஸாப் குழுக்களிலும் வருகிறது. இரத்தத்தில் மக்னீசியமோ கால்சியமோ உண்மையிலேயே குறைந்தால் தசைகள் துடிக்கும், இறுகும், அது உண்மை. ஆனால் அப்படிக் குறையும்போது கைவிரல்கள், கால்கள், வாயைச் சுற்றிய பகுதி என்று பல இடங்களில் மரத்துப்போதலும் இசிவும் தெரியும். மற்ற எல்லாம் சரியாக இருக்க ஒரே ஒரு கீழிமை மட்டும் துடிப்பதற்கு மக்னீசியக் குறைவுதான் காரணம் என்பதற்கு வலுவான சான்று இல்லை. வாழைப்பழம் சாப்பிடுவதால் கேடு ஒன்றுமில்லை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மாத்திரையைத் தாமாக வாங்கிச் சாப்பிடக் கூடாது. அவர்களுக்கு மக்னீசியம் வெளியேறாமல் உடலில் தங்கி ஆபத்தாகும்.

குழந்தைகள் கண்ணை அடிக்கடி இறுக்கிச் சிமிட்டுவது வேறு கதை. ஒவ்வாமையும் கிட்டப்பார்வையும் இல்லை என்று கண் மருத்துவரிடம் உறுதி செய்துகொண்ட பின், அது பெரும்பாலும் டிக் எனப்படும் பழக்க அசைவாக இருக்கும். ஐந்து முதல் பத்து வயதுக்குள் மிகப் பலருக்கு வந்து, கூடிக் குறைந்து, வளர வளரத் தானாக மறையும். சிமிட்டாதே என்று அதட்டுவதும், விருந்தாளிகள் முன்னால் சொல்லிக் காட்டுவதும் அதைக் கூட்டவே செய்யும். பிள்ளை வேண்டுமென்றே செய்கிறது என்று அடித்த பெற்றோரையும் பார்த்திருக்கிறேன். தும்மலை அடக்கினாற்போல அந்தப் பிள்ளையால் சில நொடிகள் அடக்க முடியும் என்பதால்தான் அப்படித் தோன்றுகிறது. தொடர்ந்து அடக்குவது அதன் கையில் இல்லை.

இனி என் அத்தைக்கு வருகிறேன். அவர் இருப்பது பொள்ளாச்சி அருகே. ஐம்பதை நெருங்கும்போது அவருக்கு இடக் கண்ணின் கீழிமை துடிக்கத் தொடங்கியது. பெண்ணுக்கு இடக் கண் துடித்தால் நல்லது என்பது நம்மிடையே மிகப் பழைய நம்பிக்கை; இந்திர விழா நாளில் கண்ணகியின் இடக் கண்ணும் மாதவியின் வலக் கண்ணும் துடித்ததாகச் சிலப்பதிகாரமே சொல்கிறது. அந்த நம்பிக்கையின் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் நல்லதுதான் என்று சொல்லிப் பேச்சை முடித்துவிடும்போது, எத்தனை நாளாக, கன்னமும் இழுக்கிறதா என்ற கேள்விகள் கேட்கப்படாமலே போய்விடுகின்றன. அத்தைக்கு அதுதான் நடந்தது. நல்ல சேதிக்காகக் காத்திருந்த துடிப்பு மாதக்கணக்கில் நீடித்தது. பின்னர் கன்னத்துக்கு இறங்கியது. சில ஆண்டுகளில் வாயின் இடது ஓரத்தையும் மேலே இழுக்கத் தொடங்கியது. ஒவ்வொரு இழுப்பிலும் கண் தானாக மூடிக்கொள்ளும். கல்யாண வீடுகளில் அவர் முந்தானையால் வாயை மூடியபடி பேசுவார். புகைப்படம் எடுக்கும்போது வலப் பக்கத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பார். வாதம் என்றார்கள், எண்ணெய் தேய்த்தார்கள். இரத்த அழுத்தம் என்றார்கள், மாத்திரை கொடுத்தார்கள்.

திருப்பத்தைக் கொண்டுவந்தது அவர் மகளின் ஒரு வாக்கியம். நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துப்போனபோது, பக்கத்தில் படுக்கும் அவள், "தூங்கறப்பவும் இழுக்குதுங்க டாக்டர்" என்றாள். மருத்துவர் உடனே எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். முகத்தின் ஒரு பாதியில் மட்டும் வரும் இந்த இசிவுக்கு ஹெமிஃபேஷியல் ஸ்பாசம் என்று பெயர். முக அசைவுக் கோளாறுகள் பலவும் தூக்கத்தில் அடங்கிவிடும். இது தூக்கத்திலும் தொடரக்கூடியது. பெரும்பாலும் கீழிமையில் தொடங்கி, மெல்ல மெல்லக் கன்னம், வாய், சில வேளை கழுத்து வரை இறங்கும். ஏழாவது நரம்பு மூளைத்தண்டிலிருந்து வெளியே வரும் இடத்தில் ஓர் இரத்தக் குழாய் வளைந்து அதன் மேல் அழுந்தியிருப்பதே வழக்கமான காரணம். ஒவ்வொரு நாடித் துடிப்பும் அந்த இடத்தில் நரம்பை இடிப்பதால், அங்கே காப்புறை தேய்ந்து, நரம்பு தானாகவே கட்டளைகளை அனுப்பத் தொடங்குகிறது. எம்ஆர்ஐ ஸ்கேனில் அந்த அழுத்தத்தைப் பார்க்கலாம். கட்டி போன்ற அரிய காரணங்கள் இல்லையென்று உறுதி செய்யவும் அந்த ஸ்கேன் தேவைப்படுகிறது.

மருத்துவர் அத்தையின் புருவத்தையும் சுட்டிக்காட்டினார். நாமாக ஒரு கண்ணை இறுக மூடினால் அந்தப் பக்கத்துப் புருவம் கீழே இறங்கும். அத்தைக்கு இழுப்பு வரும்போது, கண் மூடிய அதே கணத்தில் இடது புருவம் மேலே ஏறியது. கண்ணை மூடும் தசைக்கும் புருவத்தைத் தூக்கும் தசைக்கும் ஒரே நரம்பிலிருந்து ஒரே நேரத்தில் கட்டளை போவதால் நேர்வது இது. வேண்டுமென்றே செய்ய நினைத்தாலும் நம்மால் செய்ய முடியாது. பாரிஸில் ஜோசஃப் பாபின்ஸ்கி 1905இலேயே பதிவு செய்த அடையாளம். ஸ்கேன் கருவிகளே இல்லாத காலத்தில், ஒரு முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்து கண்டெடுத்தது என்பதை நினைக்கும்போது எனக்குப் பெரும் மரியாதை தோன்றுகிறது.

போட்டாக்ஸ் ஊசி போடலாம் என்று சொன்னபோது அத்தை முகம் சிவந்துவிட்டார். "ஏங்கண்ணு, சினிமாக்காரங்க அழகுக்குப் போட்டுக்கற ஊசியையா எனக்குப் போடச் சொல்றாங்க, இந்த வயசுல?" என்று என்னிடம் கேட்டார். அவரைப் போலவே எண்ணித் தயங்குபவர்கள் பலர் இருப்பதால் அவருக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். அந்த மருந்து கண்ணுக்காகவே வந்தது. கெட்டுப்போன உணவில் நஞ்சை உண்டாக்கும் ஒரு பாக்டீரியாவிடமிருந்து எடுத்த பொருளை மிக மிகக் குறைந்த அளவில் ஊசியாகப் போட்டால் இறுகிய தசையைத் தளர்த்தலாம் என்று சான் ஃபிரான்சிஸ்கோவின் கண் மருத்துவர் ஆலன் ஸ்காட் மாறுகண்ணைச் சரிசெய்யும் முயற்சியில் கண்டார். அமெரிக்க அரசின் மருந்துத் துறை 1989இல் மாறுகண்ணுக்கும் இமை இசிவுக்கும் அதை அனுமதித்தது. கனடாவின் வான்கூவரில் ஜீன் கருதர்ஸ் என்ற கண் மருத்துவர் இமை இசிவுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தபோது, நோயாளியின் புருவச் சுருக்கங்கள் மறைவதைக் கவனித்தார். அழகுக்கான பயன்பாடு அதிலிருந்து பிறந்தது. புருவச் சுருக்கத்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்ததோ 2002இல்தான்.

அத்தை ஊசி போட்டுக்கொண்டார். நரம்பின் முனையிலிருந்து தசைக்குச் செய்தி கொண்டுபோகும் பொருள் வெளிவருவதை அது தடுக்கிறது. சில நாட்களில் இழுப்பு அடங்கத் தொடங்கி, மூன்று நான்கு மாதங்கள் வரை பலன் நிற்கும், பிறகு மறுபடி போட வேண்டும். மேலிமை சற்றுச் சரிவது, கண் முழுதாக மூடாமல் உலர்வது, இரட்டையாகத் தெரிவது போன்ற பக்கவிளைவுகள் சிலருக்கு வரும். மருந்தின் வீரியம் குறையக் குறைய அவையும் விலகும். நிரந்தரத் தீர்வு வேண்டுவோருக்கு அறுவை சிகிச்சை உண்டு. காதுக்குப் பின்னால் சிறு துளையிட்டு, அழுத்தும் இரத்தக் குழாயை நரம்பிலிருந்து விலக்கி, இடையில் டெஃப்ளான் பஞ்சை வைத்துவிடுவார்கள். அமெரிக்க அறுவை மருத்துவர் பீட்டர் ஜானெட்டா 1960களிலிருந்து வளர்த்தெடுத்த முறை இது. பெரும்பாலானோருக்கு இழுப்பு நின்றுவிடுகிறது என்றாலும், அந்தப் பக்கத்துக் கேட்கும் திறன் குறையும் வாய்ப்பும் இருப்பதால், அத்தை ஊசியே போதும் என்று முடிவெடுத்தார்.

இரண்டு கண்களிலும் வரும் வேறொரு கோளாறும் உண்டு. மேலே இமை இசிவு என்று சொன்ன பிளெஃபரோஸ்பாசம்தான் அது. பெரும்பாலும் ஐம்பது வயதுக்கு மேல், ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகமாக வருகிறது. தொடக்கத்தில் கண் உறுத்தலாகவும் வெளிச்சம் கூசுவதாகவும் அடிக்கடி இமைப்பதாகவும்தான் தெரியும். உலர்ந்த கண் என்று சொட்டு மருந்திலேயே ஆண்டுகள் கழியும். பின்னர் இரு இமைகளும் சேர்ந்து இறுக மூடிக்கொள்ளும், திறக்க நினைத்தாலும் திறக்காது. பார்வை நன்றாக இருந்தும் பார்க்க முடியாத நிலை அது. சாலையைக் கடப்பதும் வண்டி ஓட்டுவதும் ஆபத்தாகிவிடும். இதில் கோளாறு மூளையின் அசைவுக் கட்டுப்பாட்டில் இருக்கிறது. நெற்றிப் பொட்டைத் தொடுவது, பாடுவது, எதையாவது மெல்லுவது என்று ஏதோ ஒரு சிறு செயல் இமையைச் சற்று நேரம் திறந்துவைப்பதை நோயாளிகள் தாமாகவே கண்டுபிடித்து வைத்திருப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு, நடிக்கிறார் என்று சுற்றியிருப்பவர்கள் முடிவு கட்டுவதுதான் கொடுமை. மருத்துவருக்கோ அந்தச் செயலே நோயைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம். இதற்கும் போட்டாக்ஸ் ஊசியே முதன்மையான சிகிச்சை. தாடையும் வாயும் சேர்ந்து இறுகினால் அதை மேஜ் சிண்ட்ரோம் என்பார்கள். பிரெஞ்சு மருத்துவர் ஆன்ரி மேஜ் 1910இல் விவரித்தது.

முகவாதம் வந்து குணமானவர்களுக்குச் சிரிக்கும்போதோ சாப்பிடும்போதோ அந்தப் பக்கத்துக் கண் சுருங்குவது, நரம்பு மீண்டும் வளர்ந்தபோது கிளைகள் மாறிப் போய்ச் சேர்ந்ததால். மனநோய்க்கும் வாந்திக்கும் தரப்படும் சில மருந்துகளாலும் கண்ணும் முகமும் இறுகலாம். அந்த மருந்துகளைத் தாமாக நிறுத்தாமல், எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் போய்ச் சொல்ல வேண்டும்.

தூக்கத்தையும் காபியையும் திரை நேரத்தையும் சரிசெய்த பிறகும் துடிப்பு சில வாரங்களைத் தாண்டி நீடித்தாலோ, ஒவ்வொரு துடிப்பிலும் கண் முழுதாக மூடினாலோ, கன்னத்துக்கோ வாய்க்கோ பரவினாலோ, மேலிமை சரிந்து தொங்கினாலோ, கண் சிவந்து வலித்துச் சீழ் வடிந்தாலோ மருத்துவரைப் பார்க்க வேண்டும். துடிப்போடு முகம் கோணுதல், பேச்சுக் குழறல், கை கால் மரத்துப்போதல், இரட்டைப் பார்வை இவற்றில் ஏதாவது சேர்ந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

போகும்போது கைபேசியில் ஒரு வீடியோவும் எடுத்துப் போங்கள், ஏனென்றால் மருத்துவர் முன்னால் உட்கார்ந்திருக்கும் பத்து நிமிடத்தில் இமை அசையாமலே இருந்துவிடும். பகல் வெளிச்சத்தில், கண்ணாடியைக் கழற்றிவிட்டு, நெற்றியிலிருந்து தாடை வரை முழு முகமும் தெரியும்படி எடுக்க வேண்டும். இமையை மட்டும் பெரிதாக்கி எடுத்தால் புருவம் ஏறுகிறதா, வாயோரம் இழுக்கிறதா என்பது தெரியாமல் போய்விடும். சும்மா இருக்கும்போது சற்று நேரம், பேசும்போது சற்று நேரம், கண்களை இறுக மூடித் திறந்து சற்று நேரம் என்று எடுப்பது நல்லது. முடிந்தால் வீட்டில் ஒருவரைக் கேட்டு, நன்கு தூங்கும் வேளையிலும் ஒரு நிமிடம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.